பொம்மைக்கு டெங்கு

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையை ஒரு பழைய பியானோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அதில் பாடம் சொல்லிக்கொடுத்து இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை நசநசத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் 'சீக்காளிப் பொம்மை'யை வாசித்தான். ஒரு சுரம் பிசகவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு டைப் அடிக்கிறவர் எப்படி அடிப்பாரோ அப்படி வாசித்தான்.

"ஏல, அந்தப் பொம்மைக்கு என்ன சீக்கு?" என்று கேட்டேன்.

"டெங்கு மிஸ்." யோசிக்கவே இல்லை. அந்த மாதம் அவன் தெருவில் இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

"எத்தனாவது நாள்?"

"நாலு. இன்னைக்குக் காய்ச்சல் விட்டுட்டு. ஆனா விட்ட பொறவுதான் சாக்கிரதையாப் பாத்துக்கிடணும்னு டாக்டர் சொல்லிருக்காங்கள்லா."

"சரி, இப்ப நீ வாசிக்கது யாரு? பொம்மையா?"

"இல்ல, அம்மா. ராத்திரி எந்திச்சு எந்திச்சு நெத்தியத் தொட்டுப் பாக்கா."

மறுபடி வாசிக்கச் சொன்னேன். அந்தப் பாடத்தில் மெட்டு தொடர்ச்சியாக வராது. ஒரு சுரம், அப்புறம் ஒரு மௌனம். இன்னொரு சுரம், மறுபடி மௌனம். முதல் தடவை அந்த மௌனங்களை எண்ணிக்கையாக வாசித்தவன், இந்தத் தடவை தொட்டு, எடுத்து, காத்திருந்தான். நெற்றியில் கை வைத்தால் சூடு தெரிய ஒரு நொடி ஆகுமே, அந்த நொடி அதில் இருந்தது. 'மென்மையாக வாசி, மென்மையாக வாசி' என்று மூன்று வாரமாக நான் கரடியாகக் கத்தியது நடக்கவில்லை. ஒரு டெங்கு அதைச் செய்துவிட்டது.

சீக்காளிப் பொம்மை வருகிற தொகுப்பு 1878-இல் சைக்கோவ்ஸ்கி பிள்ளைகளுக்கென்று எழுதியது. மொத்தம் 24 சிறு பாடங்கள். தன் தங்கை மகன் ஒருவனுக்கு அதைக் காணிக்கையாக்கினார். எங்களிடம் இருக்கும் அச்சுப் புத்தகத்தில் சீக்காளிப் பொம்மைக்கு அடுத்தது பொம்மையின் சவ அடக்கம். அதற்கு அடுத்து ஒரு வால்ட்ஸ், அப்புறம் புதுப் பொம்மை. செத்த வீட்டுக்கும் புதுப் பொம்மைக்கும் நடுவில் எதற்கு ஒரு நடனம் என்று எனக்கு வெகுநாள் ஒரு கேள்வி உண்டு. இதே பையனிடம் கேட்டேன். "கேத வீட்டுல கொட்டு அடிச்சு ஆடுவாங்கள்லா மிஸ்" என்றான். சைக்கோவ்ஸ்கி இதை நினைத்து எழுதியிருக்கமாட்டார், அது வேறு. ஆனால் நம்மூர்ப் பிள்ளைக்கு அந்த வரிசையில் ஒரு குழப்பமும் இல்லை.

இசைக்கு ஒரு கதை வைத்து வாசிக்கிற இந்த வித்தை எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. பதினாறு வயதில், பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதியைத் தேர்வுக்கு வாசித்தேன். பெயரே நிலவொளி என்றிருக்கும்போது வேறென்ன வேண்டும்? கொக்கிரகுளம் படித்துறையில் பௌர்ணமி ராத்திரி, தாமிரபரணியில் நிலா விழுந்து கிடக்கிறது, தூரத்தில் சுலோச்சன முதலியார் பாலம். இதை மனதில் ஓட்டிக்கொண்டே வாசித்தேன். எனக்கே கண் கலங்கியது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்குக் கலங்கவில்லை. மதிப்பெண் தாளில், ஒலி நன்றாக இருக்கிறது, ஆனால் இசை எங்கேயும் போகவில்லை என்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருந்தார். பல நாள் அந்த மனுஷனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதுதான் சரி. நிலா ஆற்றில் கிடப்பது ஒரு படம். அது கதை இல்லை. படத்தில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை, யாரும் எங்கேயும் போகவில்லை. அதனால் என் விரலும் போகவில்லை. நாலு நிமிஷமும் ஒரே நிலா.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயரே பீத்தோவன் வைத்ததில்லை. 1801-இல் எழுதிய அந்த சொனாட்டாவை அவர் 'கற்பனைப் போக்கில் ஒரு சொனாட்டா' என்ற அர்த்தத்தில்தான் குறித்தார். அவர் 1827-இல் இறந்த பிறகு, ரெல்ஷ்டாப் என்ற ஜெர்மானிய விமர்சகர் லூசர்ன் ஏரியில் விழும் நிலவொளியோடு அதை ஒப்பிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, நான் வாசித்தது பீத்தோவனையும் இல்லை, தாமிரபரணியையும் இல்லை. யாரோ ஒரு விமர்சகர் பார்த்த ஏரியை.

இப்போது அதைச் சொல்லிக்கொடுக்கும்போது தாளக் குறியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தப் பகுதி நாலு தட்டாக எண்ணுவதற்கில்லை, இரண்டு தட்டாக எண்ண எழுதப்பட்டது. அப்படி எண்ணிப் பார்த்தால் கேட்பது தூக்கம் இல்லை, நடை. மெள்ள நடக்கிற நடை. ஐந்தாவது தாளக் கட்டத்தில் மேலே மெட்டு வரும்போது அது ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது. நான் வைத்திருக்கிற கதை இது: விடியாத கருக்கலில் ஒரு வீட்டின் வாசலில் யாரோ நின்று ஒரே பெயரைக் கூப்பிடுகிறார்கள், அக்கம்பக்கம் எழுந்துவிடாமல். உள்ளே பதில் இல்லை. இதில் நிலா இருக்கிறதா என்றால், இருக்கலாம், எனக்கு அது தேவையில்லை. கூப்பிடுகிறவருக்குப் பதில் வேண்டும் என்பதுதான் தேவை. அந்த ஒரு சுரத்தை எவ்வளவு சத்தமாக, எவ்வளவு தயங்கி வைக்க வேண்டும் என்பதை அந்த வாசல் சொல்லிவிடுகிறது.

கதைக்கும் படத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எந்தப் பியானோ வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. முக்கூடல் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்கும்போது விளங்கியது. முத்துப்பட்டன் கதை. பொதிகை அடிவாரத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டு, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் சாமியாக இருக்கிறான். பாட்டை நடத்துகிற அண்ணாவி வீசுகோலால் வில்லை அடித்து, உடுக்கையும் குடமும் தாளமும் கட்டையும் அதிர அதிரச் சண்டையைப் பாடினார். சாவு வந்த இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சாதாரணப் பேச்சுக் குரலில் ஒரு வரி சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு, தூங்கி வழிந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே முன்னால் சாய்ந்தது. சத்தம் குறைகிற இடம் பலவீனமான இடம் இல்லை, கேட்கிறவனைக் கிட்டே இழுக்கிற இடம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நோட்டில், அதாவது இசை எழுதியிருக்கும் தாளில், 'பியானிஸ்ஸிமோ', மிக மெல்ல, என்று பார்த்தவுடன் விரலில் தெம்பே இல்லாமல் தடவுகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்: அண்ணாவி குரலைத் தாழ்த்தினார், கதையை விடவில்லை.

இன்னொன்றும் அங்கே கிடைத்தது. அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர் "ஆமா" போடுவார். அந்த 'ஆமா'வில் எத்தனை விதம்! நம்புகிற ஆமா, 'அய்யோ அப்படியா' என்கிற ஆமா, 'சரி சீக்கிரம் மேலே சொல்லும்' என்று விரட்டுகிற ஆமா. மோட்ஸார்ட் 1788-இல் எழுதிய சி மேஜர் சொனாட்டாவை எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் வாசிக்கத்தான் போகிறார்கள். அதில் தொடக்கத்தில் இடது கை, ஒரு கூட்டுச் சுரத்தை உடைத்து உடைத்துச் சுழற்றிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதை மாவு மில் ஓடுகிற மாதிரி ஓட்டுவார்கள். "இடது கை ஆமா போடுது. வலது கை என்ன சொல்லுதுன்னு கேக்காம ஆமா போட முடியுமா?" என்று கேட்பேன். அதற்கப்புறம் இடது கை தானாகத் தணிந்துவிடும். சில பிள்ளைகள் வில்லுப்பாட்டைப் பார்த்ததே இல்லை, அது ஒரு வருத்தம். அவர்களுக்கு, ஆச்சி போனில் பேசும்போது இந்தப் பக்கம் எப்படி 'ம்' கொட்டுவாள் என்று கேட்டால் போதும்.

நடைமுறையில் நான் செய்வது இவ்வளவுதான். முதலில் பாடத்தைப் பாதியாவது கையில் ஏற்றச் சொல்வேன். சுரமே தெரியாதவனிடம் கதை கேட்டால் சினிமாக் கதைதான் வரும். அப்புறம் பியானோவை விட்டு எழுந்து வந்து, அந்த இசை ஓடுகிற நேரத்துக்குள் கதையை வாயால் சொல்ல வேண்டும். இரண்டு நிமிஷப் பாடம் என்றால் இரண்டு நிமிஷக் கதை. பத்து நிமிஷக் கதை வைத்திருந்தால் எதையோ வெளியிலிருந்து திணித்திருக்கிறான் என்று அர்த்தம். கடைசியாக, நோட்டில் பென்சிலால் எழுதச் சொல்வேன். ஒரு நிபந்தனை, வினைச்சொல்லாக மட்டும்தான் எழுதலாம். 'சோகம்' என்று எழுதினால் விரலுக்கு ஒன்றும் புரியாது. சோகத்தை எந்தக் கட்டையில் வைத்து அமுக்குவது? 'திரும்பிப் பார்த்தாள்', 'கதவைச் சாத்தினான்', 'கேட்காத மாதிரி இருந்தான்' என்று எழுதினால் புரியும். திரும்பிப் பார்க்க ஒரு சின்னத் தாமதம் வேண்டும், கதவைச் சாத்த மணிக்கட்டில் கொஞ்சம் எடை வேண்டும்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். பாதிப் பிள்ளைகள் வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. பியானோவில் 88. விலை குறைந்த கீபோர்டுகளில் மெல்ல அமுக்கினாலும் ஓங்கி அமுக்கினாலும் ஒரே சத்தம். அதில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கதையை முழுக்க நேரத்தில் வைத்துச் சொல்கிறேன்: எங்கே காத்திருக்கிறாள், எங்கே அவசரப்படுகிறாள். சத்தத்தில் முடியாததை மௌனத்தில் செய்யலாம். ஆனாலும் வாங்குகிறவர்களிடம், இரண்டாயிரம் மூவாயிரம் கூடப்போனாலும் அமுக்கத்துக்குத் தக்கபடி சத்தம் மாறுகிற கீபோர்டாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

தென்காசியிலிருந்து ஒரு பிள்ளை சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வருவாள். அப்போது பிளஸ் டூ. அவளுக்கு ஷோப்பான் எழுதிய பிரெலூட் என்கிற சிறு பாடங்களில் பதினைந்தாவதைக் கொடுத்தேன், உலகம் 'மழைத்துளி' என்று கூப்பிடுவது. இதுவும் ஷோப்பான் வைத்த பெயர் இல்லை. 1838-39 குளிர்காலத்தில் ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஒரு பழைய மடத்தில் அவரும் எழுத்தாளர் ஜார்ஜ் சாந்தும் தங்கியிருந்தார்கள். ஒரு மழை ராத்திரி வெளியே போய்த் திரும்பிய சாந்த், ஷோப்பான் கண்ணீரோடு ஒரு பிரெலூட் வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தான் ஏரியில் மூழ்கிக் கிடப்பதாகவும் நெஞ்சில் துளித்துளியாகத் தண்ணீர் விழுவதாகவும் ஷோப்பானுக்குத் தோன்றியதாம். கூரையில் சொட்டுகிற மழையை சாந்த் சுட்டிக்காட்டியபோது, தான் அதைக் கேட்கவே இல்லை என்றார். மழையை அப்படியே இசையில் காப்பியடித்ததாகச் சொன்னதற்குக் கோபப்பட்டார். அது எந்தப் பிரெலூட் என்று சாந்த் எழுதவில்லை. பதினைந்தாவதுதான் என்று பின்னால் வந்தவர்கள் பலர் முடிவு செய்துகொண்டார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் அந்தப் பிள்ளை, "அப்ப மழைன்னு நெனைக்கக் கூடாதா மிஸ்?" என்றாள். தென்காசிக்காரியிடம் மழையை நினைக்காதே என்றால் நடக்கிற காரியமா? நினைத்துக்கொள், ஆனால் எந்த மழை என்று சொல் என்றேன். ஆரம்பம் சாரல் என்றாள். ஆனி, ஆடியில் குற்றாலத்துப் பக்கம் விழுகிறது, நனைக்காது, முகத்தில் ஒட்டும். அந்தப் பாடத்தில் ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் அதற்கு ஏ ஃபிளாட் என்று பெயர். நடுவில் சுருதி மாறி இருட்டியதும் ஜி ஷார்ப் என்று எழுதியிருக்கும். பியானோவில் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டைதான்! அதே கட்டை, அதே விரல், ஆனால் அடியில் இடது கை கனமாக நகர ஆரம்பித்துவிடுகிறது. "இப்ப என்ன மழை?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மழை மாறல மிஸ். அப்பா இன்னும் வரல" என்றாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போய் வருகிறவர். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து நடுப்பகுதியை அவள் வாசித்ததில் திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்படி ஒரு கதை கிடைத்துவிட்டால் வாத்தியார் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்ற பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லச் சொல்லவும் கூடாது.

என் சொந்தக் கதை ஒன்று அடி வாங்கியதையும் சொல்கிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி எப்படி வந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு, வீட்டில் கரண்டும் மனதும் ஒரு நிலைக்கு வந்த பிறகு, பிரெஞ்சுக்காரர் டெபுஸியின் 'மூழ்கிய தேவாலயம்' பாடத்தை எடுத்தேன். 1910-இல் வெளியான அவருடைய முதல் பிரெலூட் தொகுப்பில் பத்தாவது. கடலில் மூழ்கிப்போன ஈஸ் நகரத்தைப் பற்றி பிரான்ஸின் பிரெத்தாஞ் பகுதியில் வழங்கும் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. டெபுஸி அந்தத் தொகுப்பில் தலைப்புகளைப் பாடத்தின் தலையில் போடாமல், முடிந்தபிறகு அடியில், மூன்று புள்ளி வைத்துப் போட்டிருக்கிறார். முதலில் கேள், பிறகு பெயரைப் பார் என்கிற மாதிரி.

எனக்குப் பிரெத்தாஞ் எதற்கு? குறுக்குத்துறை முருகன் கோயில் இருக்கிறதே. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வடிந்ததும் சேறு அள்ளிப் பூஜை தொடங்கும். இந்தக் கதையை அப்படியே பாடத்தின் மேல் போர்த்தினேன். ஆரம்பத்து மூடுபனிச் சுரங்கள், ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. நடுவில் சி மேஜரில் பெரிய பெரிய கூட்டுச் சுரங்கள் அடுக்கடுக்காக வரும் இடம், வெள்ளம். அந்த இடத்தில் தோளிலிருந்து எடை போட்டு அடித்தேன். பியானோ அலறியது. அடுத்த வீட்டு அக்கா, "என்னம்மா, யாரு மேல கோவம்?" என்று மதில் வழியாகக் கேட்டார்கள்.

நோட்டைத் திரும்பப் பார்த்தேன். அந்த இடத்தில் டெபுஸி பிரெஞ்சில் எழுதியிருப்பது, கணீரென்று, ஆனால் கடுமை இல்லாமல் என்று. அதற்கு முன்னால், மூடுபனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டு என்று. வருஷக்கணக்காகப் பார்த்த எழுத்துகள்தான். என் வெள்ளம் அதை மறைத்துவிட்டது. அந்தப் பெரிய சத்தம் வெள்ளமே இல்லை. கோயில் வெளியே வந்து நிற்பது! தண்ணீர் ஏறுகிற கதை இல்லை, வடிகிற கதை. தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

கதையை உடைத்து மறுபடி கட்டினேன். ஆரம்பத்தில் கோயில் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, மணி மட்டும் அடியிலிருந்து கேட்கிறது. மெல்ல மண்டபத்தின் தலை தெரிகிறது. அப்புறம் தூண். சி மேஜர் வரும்போது வாசல் திறந்து தீபாராதனை, எல்லா மணியும் ஒரே நேரத்தில். கடைசிப் பக்கத்தில் அதே மெட்டு திரும்பி வரும், ஆனால் அடியில் இடது கை தண்ணீர் மாதிரிப் புரண்டுகொண்டிருக்கும்; கோயில் திரும்ப முங்குகிறது. விரல்கள் செய்ததில் பெரிய மாற்றமில்லை. சுரத்தை நீட்டிப் பிடிக்கிற மிதியை, அதாவது பெடலை, காலால் அமுக்குகிற விதத்தைத்தான் முழுக்க மாற்ற வேண்டியிருந்தது. முன்பு வெள்ளத்துக்காக மிதியை அமுக்கியே வைத்திருந்தேன், எல்லாம் சேறாகக் குழம்பியது. இப்போது அடியில் இருக்கிற ஆழமான சுரத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, மேலே தெளிய விட, மிதியைக் கால்வாசி தூக்கித் தூக்கிப் பழகினேன். இரண்டு மாதம் ஆனது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை, அதையே சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பிள்ளைகளிடம் கறாராக இருக்கிறேன். கதைக்கும் நோட்டுக்கும் சண்டை வந்தால் நோட்டுதான் ஜெயிக்கும், கதையைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு குரல்களாக ஓடும் பாஹ் இன்வென்ஷன்களுக்கு நான் கதையே கேட்பதில்லை. இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார், அது போதும். அங்கே ராஜா ராணியைக் கொண்டுவந்தால் விரல் தடுக்கும். அப்புறம், கதை பிடித்துப்போய் ஒவ்வொரு சுரத்திலும் விம்முகிற பிள்ளைகள் உண்டு. அவர்களைப் போனில் பதிவு செய்து அவர்களையே கேட்கவைப்பேன். பாதியிலேயே "நிறுத்துங்க மிஸ்" என்பார்கள்.

டெங்குப் பையன் போன மாதம்தான் 'புதுப் பொம்மை'க்கு வந்து சேர்ந்தான். முதல் நாள் ரொம்பவும் மெதுவாக வாசித்தான். வேகமாகப் போட்டிருக்கிறதே என்றேன். "பழைய பொம்மை செத்துட்டுல்லா மிஸ். புதுசு வந்த ஒடனே சந்தோசம் வந்துருமா?" என்றான். நியாயம்தான். நியாயமாக இருந்தாலும் வேகம் வேகம்தான், நோட்டு ஜெயிக்கும் என்று சொல்லி அனுப்பினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் சரியான வேகத்தில் வாசித்தான். அந்தப் பாடத்தின் நடுப்பகுதியில் மெட்டு துண்டு துண்டாக, இடையிடையே மௌனம் விட்டு வரும். அந்த இடத்தில் நிறுத்தி, விரலை நோட்டில் வைத்துக் காட்டினான்.

"இங்க பாருங்க மிஸ். சந்தோசந்தான். ஆனா அழுதுட்டே சிரிக்கா. அதான் மூச்சு முட்டுது."

பென்சிலை எடுத்து அவனே எழுதிக்கொண்டான். 'மூச்சு முட்டினாள்.' வெளியே அவன் அம்மா ஸ்கூட்டரில் இரண்டு தடவை ஹார்ன் அடித்தாகிவிட்டது.